செவிலியர் மாணவியருக்கு மருத்துவக் கருவிகளைப் பிற துறையினரோடு சேர்ந்து கற்பிப்பது எப்படி?

கேள்வி: செவிலியர் கல்லூரி விரிவுரையாளர், மதுரை

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு செவிலியர் கல்லூரியில் பதினோரு ஆண்டுகளாகப் பாடம் நடத்திவருகிறேன். இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் கொண்டுவந்த பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில், நலவாழ்வுத் தகவலியலும் தொழில்நுட்பமும் என்ற தாள் இரண்டாம் பருவத்தில் வருவதும், அதற்கு 40 மணி நேர வகுப்பும் 40 மணி நேர ஆய்வகப் பயிற்சியும் ஒதுக்கப்பட்டிருப்பதும் இங்குள்ள பலருக்குத் தெரிந்திருக்கும். எங்கள் கல்லூரியில் அந்தத் தாளை நான்தான் எடுக்கிறேன். உண்மையைச் சொன்னால், ஆய்வக நேரம் முழுவதும் கணினி அறையிலேயே கழிந்துவிடுகிறது. மின்னணு நோயாளி ஆவணத்தின் பயன்கள் யாவை என்ற கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதும் மாணவி, தீவிர சிகிச்சைப் பிரிவில் முதன்முறையாக நிற்கும்போது எந்தத் திரையை முதலில் பார்ப்பது என்று தெரியாமல் திகைக்கிறாள். வயதுவந்தோர் நலச் செவிலியம் மூன்றாம், நான்காம் பருவங்களில்தான் தொடங்குகிறது என்பதால், இரண்டாம் பருவத்தில் நான் சொல்லிக்கொடுப்பது எதனோடும் ஒட்டாமல் நிற்கிறது.

சென்ற ஆண்டு எங்கள் இறுதியாண்டு மாணவி ஒருத்தி பயிற்சிக்குச் சென்றிருந்த இடத்தில் சிரிஞ்சில் உள்ள மருந்தை அமைத்த வேகத்தில் சிறிது சிறிதாகச் செலுத்தும் சிரிஞ்ச் பம்ப் ஒன்று ஒலியெழுப்பியது. அவள் ஒலியை நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். மீண்டும் ஒலித்தது, மீண்டும் அழுத்தினாள். மூன்றாம் முறைதான் ஸ்டாஃப் நர்ஸை அழைத்தாள். மருந்து செல்லும் குழாயின் த்ரீ-வே (வழியைத் திறந்து மூடும் திருகு) மூடியிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. நோயாளிக்குத் தீங்கு நேரவில்லை. ஆனால் மறுநாள் என் அறைக்கு வந்து, "எந்தப் பொத்தானை அழுத்தினால் சத்தம் நிற்கும் என்பதைத்தான், மேடம், எனக்குக் காட்டியிருந்தார்கள்" என்று அவள் அழுதபடி சொன்னது இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துறை மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவரும், ஒருவரிடமிருந்து ஒருவரும், ஒருவரோடு ஒருவர் சேர்ந்தும் கற்பதே துறையிடைக் கல்வி என்று உலக சுகாதார நிறுவனம் 2010ஆம் ஆண்டின் வழிகாட்டு அறிக்கையில் வரையறுத்தது. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில், எங்கள் கால அட்டவணையில், எந்தத் துறையினரை அழைத்து எதைச் சொல்லிக்கொடுக்கச் சொல்வது? பயோமெடிக்கல் எஞ்சினியர், மருந்தாளுநர், மருத்துவர் ஆகியோரோடு சேர்ந்து கற்பித்த அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: பயோமெடிக்கல் எஞ்சினியர், கோயம்புத்தூர்

வணக்கம் மேடம். உங்கள் மாணவியின் மீது நான் குறை காணமாட்டேன். ஒரு மருத்துவமனைக்குப் புதிய பம்ப் வந்து இறங்கும்போது நடப்பதை அருகிலிருந்து பார்ப்பவன் நான். நிறுவனத்தின் ஆள் வருவார். அந்த ஷிஃப்டில் டியூட்டியில் இருக்கும் நான்கைந்து பேருக்கு அரைமணி நேரம் செய்து காட்டுவார். கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். இரவு டியூட்டிக்கு வருபவர்கள் பகல் டியூட்டிக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். மாணவிகள் அந்த வரிசையின் கடைசியில் இருக்கிறார்கள். அங்கே போய்ச் சேரும்போது பம்பைப் பற்றிய அறிவில் மிஞ்சியிருப்பது பொத்தான் மட்டுமே.

நீங்கள் ஒரு பயோமெடிக்கல் எஞ்சினியரை அழைத்தால், தயவுசெய்து அவரை மேடையில் நிறுத்திப் படக்காட்சி போடச் சொல்லாதீர்கள். ஒரு சிரிஞ்ச் பம்ப், 50 மி.லி. சிரிஞ்ச், சமையல் வண்ணம் கலந்த தண்ணீர், நீட்டிப்புக் குழாய், த்ரீ-வே, ஒரு சிறிய அளவுக் குடுவை ஆகியவற்றை மேசையில் வையுங்கள். மணிக்கு 5 மி.லி. என்று வேகத்தை அமைத்து, ஓடத் தொடங்கியதும் த்ரீ-வேயை மூடச் சொல்லுங்கள். எத்தனை நிமிடத்தில் பம்ப் ஒலிக்கும் என்று ஒவ்வொரு மாணவியும் ஒரு தாளில் எழுதட்டும். பெரும்பாலோர் "உடனே" என்றுதான் எழுதுவார்கள். பம்ப் உடனே ஒலிக்காது. குழாய்க்குள் அழுத்தம் ஏறி, அமைத்துவைத்த வரம்பைத் தொட்டால்தான் அது ஒலிக்கும். வேகம் குறையக் குறைய அந்த நேரம் நீளும். மணிக்கு 1 மி.லி. என்று ஓடும் பம்பில் அரைமணி நேரத்தையும் தாண்டலாம். அவ்வளவு நேரமும் திரையில் "ஓடுகிறது" என்றே காட்டிக்கொண்டிருக்கும். நோயாளிக்கு ஒரு சொட்டுக்கூடப் போகாது.

ஒலித்த பிறகு த்ரீ-வேயைத் திறக்கச் சொல்லுங்கள். குழாய்க்குள் அடைபட்டிருந்த வண்ணத் தண்ணீர் ஒரே தள்ளலில் குடுவைக்குள் பாயும். அது இரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்தாக இருந்தால் என்ன ஆகும் என்பதை மாணவிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அடைப்பை நோயாளியின் பக்கம் திறப்பதற்கு முன்பு, சேர்ந்திருக்கும் அழுத்தத்தை வேறு பக்கம் வெளியேற்ற வேண்டும் என்ற விதி அப்போது அவள் கையிலேயே தங்கிவிடும். புதிய பம்புகள் பலவற்றில் அழுத்தத்தைத் தானே தளர்த்தும் ஏற்பாடு உண்டு, பழையவற்றில் இல்லை. இரண்டும் ஒரே வார்டில் பக்கத்துப் பக்கத்துப் படுக்கைகளில் இருக்கும் என்பதையும் சொல்லுங்கள். பம்பில் தேர்ந்தெடுத்த சிரிஞ்ச் தயாரிப்பும் உள்ளே பொருத்திய சிரிஞ்சும் வேறாக இருந்தால், உள்விட்டம் மாறுவதால் செல்லும் அளவும் மாறும் என்பதையும் அதே மேசையில் காட்டிவிடலாம்.

இனி, நான் செவிலியர்களிடம் கற்றதைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளாகப் புகார்ப் பதிவேட்டில் "பம்ப் ரிப்பேர்" என்ற இரண்டு சொற்களைப் பார்த்து எரிச்சலடைந்திருக்கிறேன். என் மேசையில் வைத்து ஓட்டிப் பார்ப்பேன், நன்றாக ஓடும், "பழுது இல்லை" என்று எழுதித் திருப்பி அனுப்புவேன். ஒருமுறை இப்படியொரு கூட்டு வகுப்பில் ஒரு மாணவி, "சார், ஒலியை நிறுத்தும் பொத்தானும் தொடங்கும் பொத்தானும் ஏன் ஒட்டி ஒட்டி இருக்கின்றன? இரவில் விளக்கைக் குறைத்துவிட்டுக் கையுறையோடு அழுத்தும்போது இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகின்றன" என்று கேட்டாள். நான் கையுறை அணிந்து அந்தப் பம்பை ஒருநாளும் தொட்டதில்லை. அன்று மாலையே வார்டுக்குச் சென்று, விளக்கை அணைக்கச் சொல்லி, கையுறையோடு அழுத்திப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

அதன் பிறகு புகார் எழுதும் முறையையே நாங்கள் சேர்ந்து மாற்றினோம். எத்தனை மணிக்கு, எந்த மருந்து, எந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது, திரையில் என்ன வாசகம் வந்தது என்ற நான்கையும் எழுதினால் எனக்குப் போதும். நோயாளிக்குப் பாதிப்பு நேர்ந்திருந்தால், நோயாளியை வேறு பம்புக்கு மாற்றிய கையோடு, சிரிஞ்சையும் குழாயையும் கழற்றாமல், அமைப்புகளை மாற்றாமல் பழைய பம்பை அப்படியே ஒதுக்கிவைக்க வேண்டும். மருத்துவக் கருவிகளால் நேரும் பாதிப்புகளைத் திரட்டுவதற்காக 2015 ஜூலையில் தொடங்கப்பட்ட மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டத்துக்கு ஒரு செவிலியரே நேரடியாகத் தகவல் அனுப்பலாம். இதை எங்கள் மருத்துவமனையின் மூத்த செவிலியர்களில் பலர்கூட அறிந்திருக்கவில்லை. மாணவியர் ஒரு மாதிரிப் படிவத்தையாவது நிரப்பிப் பழகட்டும்.

பதில் 2: தீவிர சிகிச்சைப் பிரிவுப் பொறுப்புச் செவிலியர், சென்னை

மேலே எழுதியிருக்கும் சார் சொன்ன அனைத்தும் சரியே. ஆனால் கருவியைப் புரிந்துகொண்டால் மட்டும் போதாது என்பதை ஒரு நிகழ்வின் வழியாகச் சொல்ல விரும்புகிறேன். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். நான் முன்பு வேலை செய்த இடம்.

அறுவை அரங்கிலிருந்து 60 கிலோ எடையுள்ள நோயாளி ஒருவர் இரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்து ஓடிக்கொண்டிருந்த நிலையில் எங்கள் பிரிவுக்கு வந்தார். எங்கள் வழக்கப்படி 4 மில்லிகிராம் மருந்தை 50 மி.லி.யாகக் கலப்போம், அப்படிக் கலந்தால் ஒரு மி.லி.க்கு 80 மைக்ரோகிராம். கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம் என்ற உத்தரவுக்கு மணிக்கு 4.5 மி.லி. ஓட்ட வேண்டும். அரங்கிலோ 8 மில்லிகிராமை 50 மி.லி.யில் கலக்கும் வழக்கம். அதே அளவுக்கு அவர்கள் மணிக்கு 2.25 மி.லி. ஓட்டியிருந்தார்கள். சிரிஞ்சின் மேல் மருந்தின் பெயர் மட்டுமே எழுதியிருந்தது. டியூட்டி டாக்டர் 0.1 என்று உத்தரவு எழுதினார். எங்கள் செவிலியர் தமக்குப் பழக்கமான கணக்குப்படி, பம்பில் இருந்த 2.25ஐ 4.5 ஆக மாற்றினார். சில நிமிடங்களில் இரத்த அழுத்தம் ஏறத் தொடங்கியது. இரத்த அழுத்தத்தை இடைவிடாமல் அளக்கும் தமனிக் குழாய் இருந்ததால் மானிட்டர் உடனே காட்டிக்கொடுத்தது, நாங்கள் வேகத்தைக் குறைத்தோம், நோயாளி தப்பினார்.

மறுநாள் மயக்க மருத்துவர், அரங்கச் செவிலியர், மருந்தாளுநர், பயோமெடிக்கல் எஞ்சினியர், நான் ஆகிய ஐவரும் உட்கார்ந்தோம். உத்தரவு சரி, மருந்து சரி, பம்ப் சரி, செவிலியர் போட்ட கணக்கும் அவர் அறிந்தவரையில் சரி. ஒவ்வொருவரும் தம் பங்கில் சரியாக இருந்தும் நோயாளிக்கு இருமடங்கு மருந்து போயிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் எஞ்சினியர் சொன்ன ஒரு செய்தி எங்கள் அனைவரையும் வாயடைக்கவைத்தது. மருந்தின் செறிவையும் நோயாளியின் எடையையும் உள்ளிட்டால் கிலோவுக்கு நிமிடத்துக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று நேரடியாகத் திரையில் காட்டும் வசதி அந்தப் பம்புகளில் வாங்கிய நாளிலிருந்தே இருந்தது. யாரும் கேட்காததால் அவர் அதை இயக்கிவைக்கவில்லை. இருப்பது தெரியாததால் நாங்கள் கேட்கவில்லை. அதன்பின் இரண்டு இடங்களிலும் ஒரே செறிவு, சிரிஞ்சின் மேல் மொத்த அளவும் ஒரு மி.லி.யில் உள்ள அளவும் எழுதிய சீட்டு, திரையில் மைக்ரோகிராம் என்று மூன்றையும் சேர்த்துக் கொண்டுவந்தோம்.

மேடம், உங்கள் வகுப்புக்கு இதைப் போன்ற ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு நான்கு தாள்களாகப் பிரித்துக் கொடுங்கள். மருத்துவ மாணவரிடம் உத்தரவு மட்டும் இருக்கட்டும். செவிலியர் மாணவியிடம் பம்பின் திரையும் மானிட்டரின் எண்களும். மருந்தியல் மாணவரிடம் ஆம்பூலும் (மருந்து அடைத்த கண்ணாடிக் குப்பி) கலந்த விவரமும். எஞ்சினியரிங் மாணவரிடம் பம்பின் பதிவேடும். ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக் கூடாது. பேசித்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் பேசுபவர் செவிலியர் மாணவியாக இருக்கட்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மருத்துவ மாணவர்கள் முன்வரிசையிலும் நம் பிள்ளைகள் பின்வரிசையிலும் உட்கார்ந்து, ஒரு பேராசிரியர் உரையாற்றி, தேநீரோடு முடியும் "கூட்டு வகுப்பு"களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அவற்றால் நம் பிள்ளைகள் மேலும் வாய்மூடிப் போவதுதான் மிச்சம். மருத்துவ மாணவர்கள் கிடைக்கவில்லை என்றால் காத்திருக்கவும் வேண்டாம். பக்கத்தில் இருக்கும் பார்மசி கல்லூரியோடும் எஞ்சினியரிங் கல்லூரியோடும் தொடங்கிவிடுங்கள்.

மதிப்பீட்டைப் பற்றி ஒரு சொல். எழுத்துத் தேர்வு வைக்காதீர்கள். பம்ப் ஓடும் நோயாளியை அடுத்த ஷிஃப்டுக்கு ஒப்படைக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று கேளுங்கள். மருந்து, செறிவு, வேகம், குழாய் எங்கே நுழைகிறது, அலாரம் வரம்புகள் எவை என்பதையெல்லாம் கேட்காமலே சொல்கிறாளா என்று பார்த்தால் போதும்.

பதில் 3: மருத்துவமனை மருந்தாளுநர், திருச்சி

மருந்தாளுநர் என்ற முறையில் ஒரு கோணத்தை மட்டும் சேர்க்கிறேன். தொழில்நுட்பம் என்றால் யாரோ செய்து அனுப்புவது, செவிலியர் பயன்படுத்துவது என்ற எண்ணத்தோடு மாணவியர் வகுப்பை விட்டு வெளியேறக் கூடாது. நோயாளியின் கைப்பட்டையையும் மருந்தையும் பட்டைக்குறி (பார்கோடு) கொண்டு சரிபார்க்கும் முறையின் தொடக்கத்தில் ஒரு செவிலியர்தான் இருக்கிறார். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், டோப்பிகா நகரின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் பணியாற்றிய சூ கின்னிக், 1990களின் தொடக்கத்தில், வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும் இடத்தில் ஊழியர் பட்டைக்குறியை வருடிக் கணக்கை முடிப்பதைப் பார்த்து, இதை நாம் மருந்து கொடுக்கும்போது ஏன் செய்யக் கூடாது என்று கேட்டார். அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு செவிலியர்களும் மருந்தாளுநர்களும் மென்பொருளாளர்களும் சேர்ந்து உருவாக்கிய முறை பின்னர் நாடெங்கும் உள்ள படைவீரர் மருத்துவமனைகளுக்குப் பரவியது.

அதே முறையைப் பற்றி 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, செவிலியர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போகும் 15 வகைக் குறுக்குவழிகளையும் அவற்றுக்கான 31 காரணங்களையும் பட்டியலிட்டது. நனைந்துபோன கைப்பட்டை, கசங்கிய பட்டைக்குறி, தீர்ந்துபோகும் பேட்டரி, விட்டுவிட்டு வரும் கம்பியில்லா இணைப்பு போன்றவை அந்தக் காரணங்களில் அடங்கும். அவற்றுள் எதையும் ஒரு செவிலியர் தனியாகச் சரிசெய்துவிட முடியாது. ஒன்று மருந்தகத்துக்குப் போக வேண்டும், இன்னொன்று கணினிப் பிரிவுக்குப் போக வேண்டும். எனவே "குறுக்குவழி தவறு" என்று மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு நிறுத்திவிடாமல், எந்தத் தடையை யாரிடம் போய்ச் சொல்வது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

நம் ஊருக்கு வருவோம். ஒரு அட்டையில் பத்து மாத்திரை. நோயாளிக்கு வேண்டியவை நான்கு. நாங்கள் கத்தரித்துக் கொடுக்கிறோம். காலாவதித் தேதியும் தொகுதி எண்ணும் அச்சிட்ட முனை எங்களிடமே தங்கிவிடுகிறது. வார்டுக்கு வரும் துண்டில் மருந்தின் பெயரே பாதிதான் இருக்கும். உங்கள் மாணவியரை ஒருநாள் காலை எங்கள் மருந்தகத்துக்குள் உட்காரவைத்தால், அவர்கள் வார்டில் படும் பாட்டின் பாதிக்குக் காரணம் அந்தக் கத்தரிக்கோல் என்பதைக் கண்ணால் பார்ப்பார்கள். எங்கள் பிள்ளைகளும் ஒருநாள் வார்டில் நின்று அந்தத் துண்டை வாங்கிப் பார்க்க வேண்டும்.

பதில் 4: கிராம சுகாதார செவிலியர், தருமபுரி மாவட்டம்

எல்லாரும் தீவிர சிகிச்சைப் பிரிவைப் பற்றியே எழுதுவதால் நான் இதை எழுதுகிறேன். எங்களுக்குப் பம்பும் இல்லை, மானிட்டரும் இல்லை. ஆனால் எங்கள் நாளில் பாதி திரையின் முன்புதான் போகிறது. கர்ப்பிணியைப் பிக்மியில் (அரசின் கர்ப்பிணிப் பதிவு இணையதளம்) பதிவுசெய்து, ஆர்.சி.எச். எண் என்ற அடையாள எண்ணை வாங்குவதிலிருந்து தடுப்பூசி வரை எல்லாமே பதிவுதான். பதிவேட்டில் ஒருமுறை, கணினியில் ஒருமுறை.

ஒருமுறை ஆய்வகச் சீட்டில் கையால் எழுதியிருந்த 6.8 என்ற ஹீமோகுளோபின் அளவு 8.8 என்று பதிவாகிவிட்டது. 7க்குக் கீழே என்றால் கடும் இரத்தசோகை. உடனே மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். 8.8 என்றால் அந்தப் பட்டியலில் பெயரே வராது. அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனபோது கீழிமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளைத் தாளைப்போல இருந்தது. திரும்பி வந்து ஆய்வக நுட்புநரையும் பதிவு செய்பவரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்துச் சீட்டைப் பார்த்தபோதுதான் பிழை தெரிந்தது. இப்போது எங்கள் ஆய்வக நுட்புநர் 7க்குக் கீழே வரும் எண்ணை எழுத்தாலும் எழுதித் தருகிறார். எனக்குத் தொலைபேசியிலும் சொல்லிவிடுகிறார்.

மேடம், சமூகநலப் பயிற்சிக்கு வரும் மாணவிகளை எங்களோடு மட்டும் அனுப்பாமல், ஒருநாள் ஆய்வக நுட்புநரோடும் ஒருநாள் பதிவு செய்பவரோடும் உட்காரவையுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சில வீடுகளுக்குச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் போகிறார்கள். ஒரே படுக்கை நோயாளியை இருவரும் எப்படிப் பார்க்கிறார்கள், எதை எழுதிக்கொள்கிறார்கள் என்பதைப் பார்க்க அதைவிட நல்ல வகுப்பறை எனக்குத் தெரியவில்லை.

கேள்வி கேட்டவரின் பதில்: செவிலியர் கல்லூரி விரிவுரையாளர், மதுரை

நால்வருக்கும் என் மனமார்ந்த நன்றி. எழுதிவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை. சென்ற வியாழக்கிழமை பம்ப் சோதனையைச் செய்துபார்த்தோம். எங்கள் மூன்றாமாண்டு மாணவியர் பன்னிரண்டு பேர், பார்மசி கல்லூரியிலிருந்து மூவர், உயிர்மருத்துவப் பொறியியல் படிப்பவர் இருவர். மருத்துவ மாணவர்கள் கிடைக்கவில்லை; சிஸ்டர் சொன்னபடி காத்திருக்கவும் இல்லை.

சிவப்பு வண்ணம் கலந்த தண்ணீரை நிரப்பி, மணிக்கு 5 மி.லி. வைத்து, த்ரீ-வேயை மூடினோம். பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் "உடனே" என்றோ "ஒரு நிமிடம்" என்றோ எழுதியிருந்தார்கள். ஐந்து நிமிடம் வரை பேச்சும் சிரிப்பும் இருந்தன. பிறகு அறையே அமைதியாகிவிட்டது. பதினான்காவது நிமிடத்தில் ஒலித்தது. "இவ்வளவு நேரமும் நோயாளிக்கு மருந்து போகவே இல்லையா?" என்று ஒரு மாணவி கேட்டாள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. பார்மசி மாணவர் ஒருவர், "நார்அட்ரினலின் உடம்பில் பாதியாகக் குறைய இரண்டு நிமிடம் அளவுதான் ஆகும்" என்று மெதுவாகச் சொன்னார். யாரும் எதுவும் பேசவில்லை. பொறியியல் மாணவி மட்டும் பம்பின் அழுத்த வரம்பு எங்கே அமைந்திருக்கிறது என்று திரையில் தேடத் தொடங்கினாள். எங்கள் பிள்ளைகள் அவள் தோளுக்குப் பின்னால் கூடிவிட்டார்கள்.

அடுத்ததாக நான்கு தாள் பயிற்சியை அடுத்த மாதம் வைக்க இருக்கிறோம். சென்னை சிஸ்டர், அந்த நிகழ்வில் மானிட்டர் காட்டிய இரத்த அழுத்த எண்களை நேர வரிசையில், நோயாளியை அடையாளம் காட்டும் விவரம் எதுவும் இல்லாமல் எழுதித் தர இயலுமா? தருமபுரி சிஸ்டர், சமூகநலப் பயிற்சிக்கு எங்கள் மாணவியர் உங்கள் மாவட்டத்துக்கு வர வாய்ப்பில்லை என்றாலும், எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஆய்வக நுட்புநரிடம் பேசிவிட்டேன். அவர் முதலில் தயங்கினார். "இதுவரை நர்சிங் பிள்ளைகள் யாரும் என் அறைக்குள் வந்து உட்கார்ந்ததில்லை மேடம்" என்றார். செவ்வாய்க்கிழமை இருவரை அனுப்புகிறேன்.